அம்மா கேட்ட கொச்சிக்காய்

மிளகாய் வெட்டிய நாட்களில் நான் மூன்று முறை கை கழுவுகிறேன். முதலில் சவர்க்காரம், பிறகு தேங்காயெண்ணெய், பிறகு மறுபடியும் சவர்க்காரம். அதற்குப் பிறகும் விரலை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மகளைத் தூக்குகிறேன். அவளுக்குப் பதினொரு மாதம். கிளினிக்கில் தந்த புத்தகத்தில் ஒரு வயது வரை உப்பே வேண்டாம் என்று இருக்கிறது. ஒரு கல் உப்பில்லாமல் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று மாமியார் கேட்கிறார். நான் உப்பைக் கையில் எடுத்து, போடாமல், திரும்பப் போத்தலில் கொட்டிவிட்டு, போட்டிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டே ஊட்டுகிறேன். கை கழுவுகிற விஷயத்தை மட்டும் கணவர் ஒரு வருத்தம், ஒரு நோய் என்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நடந்த ஒரு பின்னேரத்தை நான் அவருக்கு முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தோம். ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். தம்பி பிறந்து அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், அப்பாவின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்து இறங்கினார். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. அதற்கு முன் மாமியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான். கல்யாணத்துக்குக்கூட மாமியால் வர முடிந்திருக்கவில்லை.

மாமியிடம் உடுப்புப் பை ஒன்றும் சாமான் பை மூன்றும் இருந்தன. பால்மா டின் நிறையப் பத்தியத்துக்கு வறுத்து இடித்த சரக்குத்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், வேர்க்கொம்பு, பின்னிக் கட்டிய உள்ளி, ஈரத்துணியில் சுற்றிய முருங்கையிலை. இதெல்லாம் இங்கே சந்தையில் கிடைக்குமே அக்கா என்று அப்பா சொன்னார்.

"கிடைக்கும். அது கொழும்புச் சாமான்" என்றார் மாமி. அத்துடன் எங்கள் சமையலறை அவர் கைக்குப் போனது.

எங்கள் வீட்டில் அதுவரை ஆளுக்கொரு நாக்கு. அப்பா கறிவேப்பிலையைத் தின்னமாட்டார், ஆனால் அது இல்லாத கறியையும் தொடமாட்டார். ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி, கடைசியில் எத்தனை என்று எண்ணுபவர் போல் ஒரு முறை பார்த்துவிட்டு எழும்புவார். நான் பழப்புளியை உப்பில் உருட்டி வாயில் ஒதுக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வேன். அம்மாவுக்கு உறைப்பு வேண்டும். சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய் இல்லாவிட்டால், கையைக் கோப்பையில் வைத்துக்கொண்டு எதையோ தொலைத்தவர் போலச் சுற்றிப் பார்ப்பார். மாமிக்கோ கறிக்குப் போடுகிற ரம்பை இலையின் வாசம் ஆகாது. "இந்தக் கொழும்புக் கறியளில வாற மணம் எனக்கு வயித்தைப் பிரட்டுது" என்று, எங்கள் அடுப்படியில் தொங்கிய ரம்பையைக் கொத்தோடு தூக்கிக் குப்பை வாளியில் போட்டார்.

பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தொரு நாள் பத்தியம். மிளகாய் கூடாது. புளி கூடாது. பச்சைத் தண்ணீர் கூடாது. சரக்குத்தூள் கரைத்த கறி, சுறாப்புட்டு, உள்ளி அவித்த சோறு. தாய் தின்பது பாலில் வரும் என்று மாமி ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்வார். பாலில் என்ன வருகிறது என்று பார்க்க நான் தம்பியின் வாயை மணந்து பார்த்திருக்கிறேன்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். அன்று எனக்குத் தெரியாதது அது. அம்மா கொழும்புக் கொட்டாஞ்சேனை ஆள் என்றுதான் எங்கள் வீட்டில் கணக்கு. அப்பாவும் கல்யாணத்தின்போது ஊருக்கு அப்படித்தான் கடிதம் எழுதியிருந்தார். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிற வயதில் என் பிறப்புச் சான்றிதழை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தபோதுதான், தாய் பிறந்த இடம் என்ற கட்டத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயரைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் அம்மா கொட்டாஞ்சேனையில் கடை வேலை பார்த்த சித்தப்பாவிடம் வந்து, அங்கிருந்து படித்து, புறக்கோட்டையில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருக்கிறார். அப்பாவும் அதே கந்தோர். தோட்டத்தில் சம்பந்தம் என்றால் ஊரில் ஒப்பமாட்டார்கள். அப்பா பொய் சொல்லவில்லை. பாதியில் இருந்து தொடங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா சமையல் சாமான்களின் பெயர்களைச் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிற்பார். சிறு வயதில் அதை நான் யோசிக்கிற பழக்கம் என்று நினைத்திருந்தேன். பூண்டு என்று வாய்க்கு வந்ததை விழுங்கி, உள்ளி என்று வெளியே விடுவதற்கு அந்தக் கணம் தேவைப்பட்டிருக்கிறது. சோம்பு பெருஞ்சீரகம் ஆகவும், எலுமிச்சம்பழம் தேசிக்காய் ஆகவும் அதே போல் ஒரு கணம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அம்மா நன்றாகத் தேறியிருந்தார். மாமி வந்த பிறகு அந்தக் கணம் நீண்டது.

காரணம் இருந்தது. எங்கள் மாடிப்படி கூட்ட வருகிற பெண்ணோடு மாமி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"உவள் தோட்டத்துப் பெட்டை. நான் கேக்கேல்லை, அவளும் சொல்லேல்லை. கதையிலயே தெரியுது."

"ஓம் மச்சாள்" என்றார் அம்மா. தம்பியின் துணியை மடித்துக்கொண்டிருந்தவர், மடித்ததை உதறி மறுபடியும் மடித்தார்.

"உங்கட ஆக்கள் கொட்டாஞ்சேனையில எவடத்தில?"

"கோயிலடியில மச்சாள்."

"எந்தக் கோயிலடி?"

தம்பி நல்ல நேரத்தில் அழுதான்.

இருபதாம் நாள் அளவில் அம்மா சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். கோப்பை போன மாதிரியே திரும்பி வரும். மாமி கதவடியில் நின்று, "நீர் சாப்பிடாட்டில் பிள்ளைக்கு எங்கயிருந்து பால்? ஆகாயத்தில இருந்தோ?" என்பார். அம்மா இரண்டு வாய் தின்பார். எனக்குப் பயமாக இருந்தது. சாப்பிடாதவர்கள் செத்துப்போவார்கள் என்று வகுப்பில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மாமி துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அங்கே நான்காம் மாடிக்காரர் பிடித்துக்கொண்டால் அரை மணித்தியாலம் ஆகும். அம்மா மடியில் சோற்றுக் கோப்பையோடு இருந்தார். என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கதவைப் பார்த்துவிட்டு, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்:

"கண்ணு, ஒரே ஒரு கொச்சிக்கா வாங்கிட்டு வாறியா? யாருக்கும் தெரிய வேணாம்."

அம்மா என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். கண்ணு என்றது எனக்குப் பிடித்திருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

ஒழுங்கை முனைத் தமிழ்க் கடைக்குப் போனால் முதலாளி மாமியிடம் சொல்லிவிடுவார். ஆகவே காலி வீதி நடைபாதையில் கூடை வைத்திருந்த சிங்கள அம்மாவிடம் போனேன். "கொச்சி" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கொச்சித, துவே?" என்று கேட்டார். கொச்சியா மகளே என்று. ஓம் என்று தலையை ஆட்டினேன். கூடையின் மூலையிலிருந்து வெள்ளையும் செம்மஞ்சளுமாக விரல் நகமளவு மிளகாய்கள் ஒரு பிடி அள்ளி, கடதாசியில் சுற்றி, கண்ணில் படக்கூடாது என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டி எச்சரித்துத் தந்தார்.

மலைநாட்டுத் தோட்டங்களில் எந்த மிளகாயும் கொச்சிக்காய்தான். அம்மா கேட்டது அந்த நீளமான சாதாரணப் பச்சை மிளகாயை. சிங்களவருக்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் கொச்சி என்றால் அது இந்தக் குட்டிப் பேய் மட்டும்தான். அச்சாற்றுப் போத்தலில் அதை நான் பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை.

கடதாசியைப் பிரித்ததும் அம்மா சிரித்தார். தம்பி பிறந்த பிறகு முதல் சிரிப்பு. "அட பாவி மகளே, இந்தக் கொச்சியவா கேட்டேன்? சும்மா கொச்சிக்காதானே கேட்டேன்." சொல்லிக்கொண்டே ஒன்றை இரண்டாகக் கிள்ளி, பாதியைச் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கு ஓடியது. சீறிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். கடைசி உருண்டையை எனக்கு நீட்டிவிட்டு, யோசித்து, தானே தின்றார். பிறகு கை கழுவினார். கழுவியதை நான் பார்த்தேன். அந்த உறைப்பு தண்ணீருக்குப் போகாது என்பது அன்று எனக்குத் தெரியாது. மீதிக் கொச்சியை வெறும் பவுடர் டின்னில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

மாமி இறங்கி வந்து வெறும் கோப்பையைப் பார்த்தார். "இண்டைக்குத்தான் என்ர கறி ருசிச்சிருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டிலின் கீழ்ப்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று அப்பாவும் வேளைக்கு வந்துவிட்டார். பின்னேரம் நொச்சியிலை போட்டு அவித்த குளிப்புத் தண்ணீர் தயாரானது. "ஆறப்போகுது, வாரும்" என்று மாமி அவசரப்படுத்தினார். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்து முடித்து, அவன் உதட்டோரத்துப் பாலைச் சுட்டுவிரலால் துடைத்து, அவனை மாமியிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போனார்.

கதவு சாத்திக் கொஞ்ச நேரம்தான். தம்பி வீரிட்டான். அது பசி அழுகை இல்லை. மூச்சு நின்று, முகம் கறுத்து, பிறகு மறுபடி வெடிக்கிற அழுகை. வாயைச் சுற்றிச் சிவந்து வந்தது. மாமி அவனை நிமிர்த்தினார், குப்புறப் போட்டார், துணியை அவிழ்த்து உதறினார். அப்பா, "பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம், நான் த்ரீவீல் பிடிக்கிறன்" என்று சேட் பொத்தானைப் பூட்டாமலே ஓடினார். குளியலறைக்குள்ளிருந்து அம்மா, "என்ன மச்சாள்? என்ன அவனுக்கு?" என்று கத்தினார். வாளித் தண்ணீர் சரிகிற சத்தம் கேட்டது.

தாய் தின்பது பாலில் வரும். நான் வாங்கிக் கொடுத்த கொச்சி பாலில் வந்து தம்பியைக் கொல்கிறது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சொன்னால் அம்மாவுக்கு ஏச்சு விழும். சொல்லாவிட்டால் தம்பி செத்துப்போவான்.

"மாமி, கொச்சி" என்றேன்.

"என்ன?"

"அம்மா மத்தியானம் கொச்சி சாப்பிட்டவ. நான்தான் வாங்கிக்கொண்டு வந்தனான்."

மாமியின் முகம் மாறியது. "பச்சை உடம்புக்காரி கொச்சி கேட்டவவோ? பத்தியத்தில? விசரே அவவுக்கு?"

அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நினைத்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிழை என்னுடையது, அம்மா பெரிதாக எதையும் கேட்கவில்லை என்று விளங்கவைத்தால் போதும்.

"இல்லை மாமி, அம்மா இந்தக் கொச்சி கேக்கேல்லை. சும்மா மிளகாய்தான். அவ அதைக் கொச்சிக்கா எண்டு சொன்னவ, நான் பிழையா விளங்கிட்டன்."

"எப்பிடிச் சொன்னவ?"

பள்ளிக்கூடத்தில் மனனப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைத்திருந்தது. கேட்டதைக் கேட்ட மாதிரியே சொல்வேன். கையைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் அதே குரலில், இழுக்கிற இடத்தில் இழுத்து, "கண்ணு, ஒரே ஒரு கொச்சிக்கா வாங்கிட்டு வாறியா? யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லிக் காட்டினேன்.

குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மாமி என்னைப் பார்த்தார், பிறகு அந்தக் கதவைப் பார்த்தார். "எண்ணெய்ப் போத்தலைக் கொண்டு வா" என்றார். பஞ்சைத் தேங்காயெண்ணெயில் தோய்த்துத் தம்பியின் உதட்டைத் துடைத்தார். பஞ்சை எறிந்துவிட்டு வேறொன்று எடுத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அழுகை விக்கலாகி, விக்கல் சிணுங்கலாகியது. ஈரத்தலையோடு அம்மா வெளியே வந்து சுவரோடு நின்றார். பிள்ளையை வாங்கக் கையை நீட்டியவர், தன் விரல்களைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அப்பா மூச்சிரைக்க வந்து நின்றார். "த்ரீவீல் கீழ நிக்குது, வாங்கோ."

"வேண்டாம் தம்பி. கட்டெறும்பு கடிச்சிட்டுது. எண்ணெய் பூசியிருக்கு."

"மூண்டாம் மாடியில கட்டெறும்போ அக்கா?"

"ஏன், எறும்புக்குப் படி ஏறத் தெரியாதோ?"

பெரியவர்கள் பொய் சொல்வதை நான் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை. மாமி அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவுசெய்தேன். என் சொல் மாமிக்கு விளங்கியிருக்கிறது என்று எனக்குள் ஒரு மெச்சுதலும் இருந்தது. அம்மா மட்டும் ஏன் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது விளங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை இழுக்கும்போது அம்மா சீப்பை வழமையை விடப் பலமாக இழுத்தார்.

"மாமிக்கு மிளகாய் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே அம்மா."

சீப்பு நின்றது. பிறகு மெதுவாகப் போனது.

அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் வீட்டில் ஒரு விசித்திரமான மரியாதை. மாமி எந்தக் கோயிலடி என்று கேட்பதை விட்டுவிட்டார். மாடிப்படிப் பெண்ணைப் பற்றியும் பேசவில்லை. அம்மா வைத்ததையெல்லாம் சாப்பிட்டார், உப்பில்லாததைக்கூட. ஆனால் எதற்கும் பெயர் சொல்லவில்லை. "அதை எடு பிள்ளை", "இதைக் கொஞ்சம்", "அந்த வெள்ளை." எங்கள் வீட்டில் உள்ளியும் பூண்டும் ஒரே நாளில் பெயரிழந்தன. மாமி அடுப்படியில் நின்று கரண்டியைக் கழுவிக்கொண்டே இருப்பார். அம்மா துணியை மடித்துக்கொண்டே இருப்பார். நான் இருவருக்கும் நடுவில் கூடத்தில் உட்கார்ந்து, ரயில் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சண்டை இல்லாத வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று முடிந்து, வீடு கழுவி, அதற்கு மறுநாள் மாமி புறப்பட்டார். சாமான் பைகள் மடிந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போயிருந்தன. வானுக்கு நேரம் இருந்தது. மாமி அம்மாவின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மிச்சச் சரக்குத்தூள் டின்னைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அலுமாரியோடு சாய்ந்து நின்றேன்.

"ஒண்டு கேக்கவே?" என்றார் மாமி.

"கேளுங்கோ மச்சாள்."

"உங்கட பக்கம் பிள்ளை பெத்தவைக்கு என்ன குடுக்கிறவை?"

"கொட்டாஞ்சேனையிலயா மச்சாள்?"

"கொட்டாஞ்சேனையில இல்லை. உங்கட பக்கம்."

அம்மா தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தார். மாமிக்குக் கொட்டாஞ்சேனை எங்கே என்று மறந்துவிட்டது போல என்று எனக்குத் தோன்றியது. யாராவது உதவ வேண்டுமே. "கொட்டாஞ்சேனை கிட்டத்தான் மாமி. அங்க எல்லாரும் கடையில வாங்கித் தின்னுறவை" என்று சொல்லி, நானே சிரித்தேன்.

அம்மா டின்னின் மூடியைத் திருகித் திறந்து, மணந்து பார்த்து, மூடினார். பிறகு, அந்தக் கணநேரத் தயக்கம் இல்லாமல், "எங்கம்மா வந்து" என்று தொடங்கினார். அம்மாவின் அம்மாவைப் பற்றி அந்த வீட்டில் ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. இரண்டடி முன்னால் வந்தேன்.

மாமி என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கீழ போய் வான் வந்திட்டுதோ எண்டு பாத்துக்கொண்டு வாரும்."

உங்கட பக்கம் என்ற அந்தக் கேள்வியில் இருந்தது பரிவா, தீர்ப்பா என்று இப்போதும் நான் மாற்றி மாற்றி யோசிக்கிறேன். மாமி இன்று இல்லை. அம்மா கல்கிசைக்கு எங்களிடம் வருகிற நாட்களில், மகளுக்குக் குழைத்துக் கொடுக்கும்போது, உள்ளி என்றுதான் சொல்கிறார். அன்று என்ன சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று அதற்கும் ஒரு கிழமை யோசித்தேன். "எங்க கதைச்சனாங்கள், அதுக்குள்ள வான் வந்திட்டுதே" என்றார்.

வான் வந்திருக்கவில்லை. நான் வாசலில் நின்றவள். முழு ஒரு மணித்தியாலம் அந்தப் படலைக் கதவில் தொங்கிக்கொண்டு, மேலே என்னை மறந்துவிட்டார்கள் என்று மாமி மேல் கோபித்துக்கொண்டு நின்றேன். வான் எத்தனை மணிக்கு வரும் என்று அப்பா காலையிலேயே மாமியிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.